கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் வைத்திருக்கும் தங்கைக்கு

கேள்வி: எனக்கு 24 வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். தலைப்பிரசவம் தேவகோட்டையில் ஆத்தா வீட்டில். மூன்றாம் மாதம் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பாப்பாவுக்கு இப்போது ஐந்து மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பெரிய வீடு, இருப்பது நான், மாமியார், கணவரின் அப்பத்தா மூன்று பேர்தான். கல்லூரித் தோழி ஒரு நாவல் அனுப்பினாள். சின்ன வயதிலேயே அப்பா அம்மா ஆகிவிட்ட ஒரு ஜோடியின் கதை. இரண்டு பேர் குடும்பமும் அதில் வருகிறது. பாப்பா பால் குடிக்கும்போது நாலைந்து பக்கம் படிப்பேன், தினமும் அழுகை வந்துவிடுகிறது. ஒரு இடத்தில் அந்தப் பெண் விடாமல் அழுகிற பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் ஒரு ராத்திரி அப்படிச் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் படித்தால் கண் போய்விடும், அழுதுகொண்டே பால் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். இப்போது கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, முடிக்க மனசு வரவில்லை. கதைப் புத்தகத்துக்கு இப்படி அழுவது ஏதாவது நோயா? நிறுத்திவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள், பாதியில் எழுந்துபோக வேண்டி வரலாம்.

நீங்கள் கேட்டது நாவலைப் பற்றி. ஆனால் நடுவில் சின்னதாக ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள், ஒரு ராத்திரி பாப்பாவை விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்ததாக, அதை யாரிடமும் சொல்லவில்லை என்று. எனக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த ராத்திரி நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. குழந்தை மருத்துவர்கள் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, தோளில் போட்டு நடந்தும் பார்த்தாயிற்று, அப்படியும் பிள்ளை அழுகிறது, உங்களுக்குக் கையெல்லாம் நடுங்குகிற மாதிரி இருக்கிறது என்றால், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து பத்து நிமிஷம் தள்ளிப் போய், தண்ணீர் குடித்து, மூச்சு விட்டு வரலாம். அழுகிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிஷத்தால் ஒன்றும் ஆகாது. ஆபத்து எங்கே என்றால், பொறுமை தீர்ந்த கையில் பிள்ளையை வைத்துக்கொண்டே இருப்பதில். ஆத்திரத்தில் ஒரு தடவை பலமாகக் குலுக்கினால் போதும், அந்த வயதில் மூளைக்குள் ரத்தம் கசியலாம். நீங்கள் அதற்கு முன்னாலேயே எழுந்து போயிருக்கிறீர்கள். ஒன்று மட்டும், ஐந்து மாதம் என்பது குப்புற விழுகிற வயசு. கட்டில் வேண்டாம், வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) ஓரமும் வேண்டாம், அங்கே உருண்டால் முற்றத்தில்தான் விழும். அறைக்குள் தரையில் பாய், பக்கத்தில் தலையணை துணி எதுவும் இல்லாமல். அது போதும்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறந்து ஆறு எட்டு வாரம் ஆகும்போதுதான் குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த ராத்திரி எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆத்தா வீட்டிலிருந்து வந்த புதிதில் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அழுகை இன்னும் முழுசாக அடங்கியிருக்காது, உங்களுக்குப் பக்கத்தில் ஆத்தாவும் இருந்திருக்க மாட்டார்.

இப்போது நாவலுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தை ஏன் திரும்பத் திரும்பப் படித்தீர்கள்? உங்கள் வீட்டு அமைப்பை யோசித்துப் பார்த்தால் எனக்குப் பதில் கிடைக்கிறது. அந்த வளவைக் கட்டியவர்கள் மூன்று பேருக்காகக் கட்டவில்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, கல்யாணத்துக்கு அப்புறம் வேறு வைத்துவிடுவார்கள், அடுப்பு தனி, கணக்கு தனி, கோயிலுக்குப் புள்ளி (வரி கொடுக்கும் குடும்பக் கணக்கு) தனி, ஆனால் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. அப்படி ஒரு வளவில் 24 வயசுப் பெண் பிள்ளையோடு வந்து இறங்கினால், பக்கத்து அறையில் ஓரகத்தி இருப்பாள், அவளுக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கும். அவள் பிள்ளையைத் திட்டுவதும், அலுத்துப்போய்த் தூணில் சாய்ந்து உட்காருவதும், அப்புறம் தானாகவே எழுந்து போய் அள்ளிக்கொள்வதும் இவள் கண்ணில் படும். யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தத் தேவையில்லை, எல்லாத் தாயும் இப்படித்தான் என்று தெரிந்துவிடும். (அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஓரகத்திகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷக்கணக்கில் போன வீடுகளும் இருந்தன, வாய் திறக்கவே முடியாத மருமகள்களும் இருந்தார்கள்.) இன்றைக்கு அந்த அறைகளெல்லாம் பூட்டியிருக்கின்றன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறார்கள், மறுநாளே சாவி போட்டுவிட்டுச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்து மாதப் பிள்ளையோடு அலுத்துப்போன இன்னொரு பெண்ணை நீங்கள் கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள்? உங்கள் கண்ணில் படுவதெல்லாம் போனில் வருகிற சிரிக்கிற போட்டோக்கள். அலுத்துப்போன தாயை அந்த நாவலில்தான் பார்த்திருக்கிறீர்கள். அவளும் மாடிப்படிக்குப் போனாள், திரும்பியும் வந்தாள். அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அழுகைக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தனக்காக அழ நம் பெண்களுக்கு அனுமதி கிடையாது. உனக்கென்ன குறைச்சல், நல்ல வீடு, நல்ல மாப்பிள்ளை, தங்கமான பிள்ளை என்று யாராவது கேட்டுவிடுவார்கள், யாரும் கேட்காவிட்டால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். கதையில் வருகிறவளுக்காக அழுதால் யாரும் கேட்பதில்லை. அதோடு தூக்கமும் இல்லை. விட்டு விட்டுத் தூங்குகிற உடம்புக்கு எந்த உணர்ச்சியும் இரண்டு மடங்காகத்தான் தெரியும். இதில் நோய் என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அதோடு முடித்துவிட முடியாது, ஏனென்றால் நோயாக இருக்கிற அழுகையும் உண்டு. பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து வருகிற காரணமில்லாத அழுகை பெரும்பாலான பெண்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதைத் தாண்டியும் போகாமல் இருப்பது, அல்லது சில மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்குவது வேறு விஷயம். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு அது. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற ஐந்து பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வாக, இப்படி ஒரு மனநலப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயத்தில் நிம்மதி. புத்தகம் உங்களுக்கு ருசிக்கிறது. நாலு பக்கம் என்று அளந்து படிக்கிறீர்கள், தீர்ந்துவிடக் கூடாதே என்று கடைசி அத்தியாயத்தைப் பத்திரப்படுத்துகிறீர்கள். மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது இந்த ருசியைத்தான். முன்பு ஆசையாகச் செய்தது எதுவும் பிடிக்காது, ஒரே வரியைப் பத்து தடவை படித்தாலும் மனதில் ஏறாது, பிள்ளையைப் பார்த்தாலும் மரத்துப்போன மாதிரி இருக்கும். பாப்பா தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராது. நான் லாயக்கில்லாத தாய் என்ற நினைப்பு நாள் முழுக்க ஓடும். இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகிற நோய் இது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு.

புத்தகம் ருசிக்கிறது என்பதை மட்டும் வைத்து உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நான் முடிவு கட்டவும் கூடாது. அதனால் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 1987இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், ஐந்து நிமிஷ வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பிரசவம் பார்த்த டாக்டரிடமோ கேளுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் உண்டு, ஏனென்றால் அரசு அட்டவணைப்படி 14ஆம் வாரத் தடுப்பூசிக்கு அப்புறம் அடுத்தது ஒன்பதாம் மாதம்தான். நடுவில் இருக்கிற இந்த ஐந்தாறு மாதம் தாயை ஒரு நர்ஸ் பார்ப்பதே அபூர்வம். பார்த்தாலும் பிள்ளையின் எடையைத்தான் கேட்பார்கள். எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போக முடிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். படித்தால் கண் போகாது. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் உடம்பில் நீர் கோப்பதாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் சிலருக்குப் பார்வை லேசாக மங்கும், கண் வறண்டு உறுத்தும், சில மாதத்தில் அது சரியாகிவிடும். அந்த நேரத்தில் படித்த பெண்ணுக்குக் கண் மங்கியதைப் பார்த்துவிட்டு யாரோ படிப்பின் மேல் பழி போட்டிருக்கலாம். (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் திடீரென்று பார்வை மங்கி, கூடவே கடுமையான தலைவலியும் இருந்தால் அது ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.) அழுதுகொண்டே பால் கொடுத்தால் பால் கெடாது. ரொம்பக் கலங்கியிருக்கும்போது பால் இறங்கக் கொஞ்சம் நேரமாகலாம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மாமியாரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். அவர் கவலை என்னவாக இருக்கும் என்று பாருங்கள்: மருமகள் தூங்க வேண்டிய நேரத்தில் படித்து அழுகிறாள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, நானும் அவர் பக்கம்தான். நாளில் ஒரு தடவையாவது நாலு மணி நேரம் முறியாத தூக்கம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், நாவலைவிட அது முக்கியம். பெரியவர்கள் எப்படியும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார்கள். பால் கொடுத்துவிட்டுப் பாப்பாவை அவரிடம் கொடுங்கள், எட்டு மணிவரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை, எனக்குத் தூக்கம் போதவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்கிற மாமியார்களைவிட, இதைக் கேட்கத் தெரியாமல் பொருமுகிற மருமகள்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தூங்கியெழுந்த பெண் பகலில் படித்தால் யாருக்கும் உறுத்தாது.

கதைப் புத்தகம்தானே என்று நீங்களே எழுதியிருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் புத்தகம் சேர்த்தார். பழைய இலக்கியத்தோடு மலிவுப் பதிப்பு நாவல்களையும் நோட்டீசுகளையும்கூடப் பத்திரப்படுத்தினார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமாக்கியது. கதையைக் கதைதானே என்று ஒதுக்குகிற ஊர் இல்லை இது.

உங்கள் வீட்டு அப்பத்தாவையே கேட்டுப் பாருங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகக் காத்திருந்த தலைமுறை அது. ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான் வரும், அதை வீட்டில் நாலு பேர் முறைபோட்டுப் படிப்பார்கள், அடுத்து என்ன ஆகும் என்று வாரம் முழுக்கப் பேச்சு ஓடும், கதை முடிந்ததும் படத்தோடு கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து பெட்டியில் வைப்பார்கள். நீங்கள் நாலு பக்கமாகப் படிப்பதும் அப்படித்தான், ஆனால் பேச ஆளில்லாமல் படிக்கிறீர்கள். அதைச் சரிசெய்யலாம். சத்தமாகப் படியுங்கள். பாப்பாவுக்கு அர்த்தம் தேவையில்லை, பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே பெற்றவள் குரலைத் தனியாக அடையாளம் காணும் திறமை குழந்தைகளுக்கு உண்டு, நீங்கள் எதைப் படித்தாலும் அவளுக்குத் தாலாட்டுதான். அப்பத்தாவுக்கு இப்போது அச்செழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும், காது கேட்டால் கட்டிலிலிருந்தே கேட்பார். மாடிப்படிப் பக்கத்தையும் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஆண்களின் மனைவிகள் இந்த வீடுகளில் தனியாகப் பிள்ளை வளர்த்தார்கள், கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை ஓடியாடும் வயதில்தான் தகப்பன் முகத்தைப் பார்க்கும். அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர், ஏதாவது சொல்ல இருக்கும்.

கணவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், சிங்கப்பூர் என்று. நாவலில் இரண்டு பேர் இருக்கிறார்கள் இல்லையா, சின்ன வயசு அம்மா மட்டும் இல்லை, சின்ன வயசு அப்பாவும். குழந்தை பிறந்த வருஷத்தில் தகப்பன்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன, தூரத்தில் தனியாக இருக்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. இரவு பத்து மணிக்குப் பாப்பா தூங்கி நீங்கள் நிமிரும்போது அங்கே பன்னிரண்டரை, அவர் தூங்கியிருப்பார். வீடியோ காலில் பாப்பாவைக் காட்டினால் சிரிப்பார், சாப்பிட்டாயா என்பார், முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, உங்களுக்குப் பிடித்த இரண்டு பக்கத்தைப் படித்து வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். பாப்பா நடுவில் அழுதால் அழட்டும், அழிக்காமல் அனுப்புங்கள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவர் கேட்டுக்கொள்வார். எந்தப் பக்கத்தை முதலில் அனுப்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் படித்து முடித்ததும், நானும் ஒரு ராத்திரி இப்படிச் செய்தேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முகம் பார்த்துச் சொல்ல வராதது குரலில் வந்துவிடும். அவருக்கு உடனே பதில் சொல்லத் தெரியாமல் போகலாம், அதற்காக மனசு விட வேண்டாம், அவரும் முதல் தடவையாகத்தான் தகப்பன் ஆகியிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்தை ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் கெட்ட ராத்திரியில் எந்த முடிவும் இருக்கிறதைவிடக் கனமாகத் தெரியும். மதியம் சாப்பிட்டு, பால் கொடுத்து, பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் படியுங்கள், இதை மட்டும் நாலு பக்கமாகப் பிரிக்க வேண்டாம். முடித்த கையோடு தோழிக்குப் போன் போடுங்கள். அவளும் படித்துவிட்டுத்தானே அனுப்பியிருப்பாள், இத்தனை நாள் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நீங்கள் எழுதவில்லை. உடனே அடுத்த நாவலைத் தேட வேண்டாம், ஒரு வாரம் இதிலேயே பிடித்த இடங்களைப் புரட்டிக்கொண்டிருங்கள். அதற்குள் அந்த 10 கேள்வித் தாளையும் நிரப்பிவிடுங்கள், என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.